சுவருக்கு யார் வாடகை தருவார்?

கட்டிடத்துக்கு எஃகு ஏன் நல்லது என்று கேட்டால் எல்லோரும் சட்டென்று சொல்வது "உறுதி" என்பதுதான். உறுதி செங்கல்லுக்கும்தான் இருக்கிறது. எஃகின் உண்மையான லாபம் எங்கே என்று பார்க்க, அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள மொனாட்னாக் கட்டிடம் ஒன்றே போதும்.

அந்த அலுவலகக் கட்டிடம் இரண்டு பாதிகளாகக் கட்டப்பட்டது. 1891-ல் முடிந்த வடக்குப் பாதி 16 மாடி. வெளிச்சுவர் முழுக்கச் செங்கல். தன் எடையோடு மாடிகளின் பாரத்திலும் ஒரு பங்கை அந்தச் சுவரே தாங்கவேண்டும். மாடி ஏற ஏற அடிச்சுவர் தடிக்கவேண்டும் அல்லவா? தரைமட்டத்தில் சுவரின் கனம் 6 அடி! ஓர் ஆள் அதற்குள் நீட்டிப் படுக்கலாம்.

1893-ல் முடிந்த தெற்குப் பாதியில் பாரத்தை எஃகுத் தூண்களும் உத்திரங்களும் ஏற்றுக்கொண்டன. வெளிச்சுவர் வெறும் போர்வை ஆனது. சுவர் மெலிந்தது, ஜன்னல் அகன்றது, வாடகைக்கு விடும் இடம் கூடியது. ஆறடிச் சுவருக்கு யார் வாடகை தருவார்?

அடுத்த லாபம் எடை. சிகாகோவின் மண் இளகிய களிமண். வடக்குப் பாதி 8 அங்குலம் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்கள். அதையும் தாண்டி இறங்கியது. கட்டிடம் லேசாக இருந்தால் அஸ்திவாரத்துக்குச் செலவும் குறைவு, கவலையும் குறைவு.

மூன்றாவது, நேரம். எஃகுத் துண்டுகளைத் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டித் துளையிட்டு அனுப்பிவிடலாம்; கட்டுமிடத்தில் பொருத்தினால் போதும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1-ல் திறக்கப்பட்டது. 102 மாடி, சுமார் 13 மாதம்! கடன் வாங்கிக் கட்டுபவருக்கு ஒவ்வொரு மாதமும் வட்டிதான். ஆனால் அப்போது பொருளாதாரப் பெருமந்தம். பல மாடிகள் ஆளில்லாமல் கிடந்தன. எஃகு நாளை மிச்சப்படுத்தும், குடிவர ஆள் பிடித்துத் தராது.

குறையும் உண்டு. எஃகு துருப்பிடிக்கும். சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் வலிமை பாதியாகிவிடும். அதனால் பெயின்ட், தீத்தடுப்புப் பூச்சு என்று தனிச்செலவு. இதில் கஞ்சம் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

மொனாட்னாக்கின் இரண்டு பாதிகளும் இன்றும் நிற்கின்றன. உறுதியில் செங்கல் தோற்கவில்லை... கணக்கில்தான் தோற்றது.