பெண் முயலுக்குக் கருத்தடை எதற்கு?



அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பெண் முயலுக்கு வயது ஒன்று. "ஆண் முயலே இல்லையே, ஆபரேஷன் எதற்கு?" என்று பலரும் கேட்கிறீர்கள். குட்டி போடும் என்ற கவலை மட்டுமென்றால் தேவையில்லைதான். ஆனால் 3, 4 வயது தாண்டிய பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் அதிகம் வருகிறது. தனியாக வளர்ந்தாலும் வரும். கருப்பையை எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

மறுபக்கம், மயக்க மருந்து. நாய், பூனையைவிட முயலுக்கு அதில் ஆபத்து கூடுதல். அதனால் முயலுக்குச் செய்து பழகிய மருத்துவர் வேண்டும். நாய்க்குச் சொல்வதுபோல் முதல்நாள் இரவு பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. தீனி நின்றால் குடல் ஓட்டமும் நின்றுவிடும். வீடு திரும்பியதும் புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பார்க்க வேண்டும். அரை நாள் தின்னாவிட்டால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வலியை வெளியே காட்டாத ஜீவன் அது. நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். எனவே செய்துவிடுவதென்றே தீர்மானித்தோம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, வேப்பேரிக்கு, வெயில் ஏறுமுன் ஆட்டோவில் கொண்டுபோய் முதலில் பரிசோதிக்கப் போகிறோம். முயல் வளர்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.