துணை மருந்தும் மாற்று மருந்தும்

கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பிழைத்த குடும்பம் எமது. 1929இல் ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கியது முதல் இச்சரிவுகளில் காடு திருத்திக் கன்று நட்ட கைகளுள் தமிழர் கைகள் பல. இன்று அக்கூடைகளை வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் மிகுதியாகச் சுமக்கின்றனர். எனினும் லயத்து வாசல்களில் நம்மவர் வைத்த கற்பூரவல்லியும் தூதுவளையும் இன்னும் உயிரோடிருக்கின்றன. வேம்பு மட்டும் இக்குளிரில் தழைப்பதில்லை. எம் பாட்டியார் தாப்பாவிலிருந்து மலையேறி வரும் லாரிக்காரரிடம் சொல்லிவைத்து வேப்பிலை வரவழைப்பார். இருமலுக்கு ஒரு கஷாயம், சுளுக்குக்கு ஓர் எண்ணெய், வயிற்றுப் பொருமலுக்கு ஓமநீர் என்று அவர் கைபார்த்தே யாம் வளர்ந்தோம். அவற்றைக் குறை கூற எமக்கு நா எழாது.

டாக்டர் தரும் மருந்தை விடாமல், அதனோடு சேர்த்துக் கையாளும் முறை ஒன்று. அதனைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் வைத்துக்கொள்ளும் முறை வேறொன்று. முன்னது துணை, பின்னது மாற்று. நாமோ இரண்டையும் 'நாட்டு மருந்து' என்னும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். எம் வீட்டில் நேர்ந்த துன்பம் அவ்வொரு சொல்லினின்று பிறந்தது.

எம் அன்னையாருக்கு இனிப்புநீர் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக உண்டு வந்தார். ஒரு மழைக்காலத்தில் ரப்பர்ப் பூட்சு உராய்ந்து வலக்கால் விரலில் சிறு புண் உண்டாயிற்று. அப்பொழுது தோட்டத்திற்கு ஞாயிறுதோறும் ஒருவர் சூரணம் விற்க வருவார். நல்ல தமிழ் பேசுவார். முன்னோர் பெருமை பேசுவார். இரண்டு மருந்து ஓருடம்பில் சண்டையிடும், ஆகவே மாத்திரையை நிறுத்துங்கள் என்றார். அன்னையார் நிறுத்தினார். ஈப்போவில் வேலையிலிருந்த எமக்குத் தொலைபேசியில் சொன்னபொழுது யாம் தடுக்கவில்லை. நம் பழைய வைத்தியம் அல்லவா என்று உள்ளூர மகிழ்ந்தோம். அச்சூரணத்திற்குப் பணம் அனுப்பியவரும் யாமே.

“வலியே இல்லையப்பா, ஆறிக்கொண்டு வருகிறது” என்று வாரந்தோறும் சொல்வார். தீபாவளிக்கு மலையேறிச் சென்றபொழுது, வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னே நாற்றம் எம்மை எதிர்கொண்டது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தனர்.

வலி இல்லாமையே நோயின் கொடுமை என்பதை டாக்டர் பிறகு விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தே இருக்குமாயின் காலின் நரம்புகள் மெல்லச் செத்து உணர்ச்சி போய்விடும். இரத்த ஓட்டமும் சுருங்கும். புண்ணில் புகுந்த கிருமிகள் தடையின்றிப் பெருகும். வலி நின்றதைக் குணம் என்று நாங்கள் எண்ணினோம்.

நிற்க. இதனால் யாம் பழையன யாவற்றையும் வெறுத்தோம் என்று வாசகர்கள் கருதவேண்டா. இந்நாட்டிலேயே நடந்த வேறொரு செய்தியைச் சொல்லுவோம். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோயால் மக்கள் திரளாக மடிந்தனர். வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அது மிகுதி. புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடையே அரிது. பிராடன் என்னும் டாக்டர் இதனைக் கண்டு 1907இல் நூலெழுதினார். காரணத்தை அவர் பிழையாகக் கணித்தார். வெள்ளரிசியில் நஞ்சு பிறக்கிறது என்று நினைத்தார். ஆயினும் வேற்றுமை மெய். பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் ஓராண்டு கொடுத்தார். வெள்ளரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டவருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. (அவ்வேழைகளின் சம்மதத்தை யார் கேட்டார்? அது வேறு வழக்கு.) பின்னர் பிரேஸரும் ஸ்டாண்டனும் நோயின் காரணம் நஞ்சன்று, தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறைவே என்று காட்டினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. இன்று அதனை வைட்டமின் பி1 என்கிறோம்.

நம் பாட்டிமார் புழுங்கலை மருந்தென்று உண்ணவில்லை, வழக்கமென்று உண்டனர். அதன் அருமையை வெளிப்படுத்தியது இரு பிரிவையும் எண்ணிப் பார்த்த கணக்கு. சூரணக்காரரிடம் யாம் அப்படியொரு கணக்கைக் கேட்டோமில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தீர், எத்தனை பேர் பிழைத்தார், கொடாதவர் எத்தனை பேர் பிழைத்தார் என்று கேட்க நாணினோம். பழமையைச் சோதித்தல் அதனை அவமதித்தல் என்று எண்ணினோம் போலும்.

இப்பொழுது கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 775ஆம் சட்டம் மலாய் மருத்துவம், சீன மருத்துவம், சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கிய இந்திய மருத்துவம், ஹோமியோபதி முதலிய முறைகளைச் செய்வோர் பதிவு பெறவேண்டும் என்கிறது. கடைமருந்தாயின் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நஞ்சு உலோகம், கலப்படம் முதலியன சோதிக்கப்பட்டதற்கு அவ்வெண் அறிகுறியாகும். நோய் தீரும் என்பதற்கு உறுதிச்சீட்டு ஆகாது. உலோகத்தைப் பற்றிய அச்சம் வீண் அச்சமன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப்புறக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது தெரியவந்தது. எமது சூரணப் பொட்டலத்தில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

அரசாங்கமே 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் மலாய் உருவுதலையும் சீனர் ஊசிமுறையையும் சேர்த்துக்கொண்டது. அங்கே பழைய முறையும் புதிய முறையும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியும். எம் வீட்டில் மாத்திரை நின்றது டாக்டருக்குத் தெரியாது; புண் கறுத்தது சூரணக்காரருக்கும் தெரியாது. அவர் அதற்குள் வேறு தோட்டத்திற்குப் போய்விட்டிருந்தார்.

அன்னையார் இப்பொழுது எம்மோடு ஈப்போவில் இருக்கிறார். இரவில் மாத்திரையை உண்டபின், கண்ணாடியைத் தரையில் வைத்து மிஞ்சிய காலின் அடிப்பாதத்தைப் பார்க்கிறார். பார்வை மங்கிய நாளில் எம்மைப் பார்க்கச் சொல்கிறார். இருமல் வந்தால் கற்பூரவல்லி கேட்கிறார். தொட்டியில் வளர்த்திருக்கிறோம், பறித்துக் கொடுக்கிறோம். சென்ற மாதம் கிளினிக்கிற்குப் போனபொழுது, அதனையும் டாக்டரிடம் அவரே சொன்னார்.