அம்பலம் ஏறிய சொல்

பிரித்தானியாவின் சிறு ஊர்களில் தபாற்கந்தோர் பெரும்பாலும் தனிக் கட்டடத்தில் இருப்பதில்லை. பாலும் பாணும் பத்திரிகையும் விற்கும் கடையின் ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கவுண்டர். அவ்வளவுதான். அதை நடத்தும் உப தபாலதிபர் அரச ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர். கையிருப்பை எல்லாம் போட்டு, வங்கியில் கடன் எடுத்து அந்தக் கடையை வாங்கியிருப்பார். முன்பு முதியவர்களின் ஓய்வூதியம் பெரும்பாலும் அவர் கையால்தான் போனது. ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. குஜராத்தியரும் பஞ்சாபியரும் நம்மவர்களும் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த மரியாதையும் ஒரு காரணம். வந்து சேர்ந்த நாட்டில், நாலு பேர் நம்பிக் காசைக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் அல்ல.

1999 முதல் இந்தக் கவுண்டர்களுக்கு ஹொரைசன் என்ற கணினி முறை வந்தது. வழங்கியது ஃபுஜிட்சு நிறுவனம். அக்காலத்தில் புதன்கிழமை மாலை கடையைப் பூட்டியதும் வாரக் கணக்கு முடிப்பார்கள். முன்பு கையால் எழுதிய பேரேட்டில் பிழை வந்தால் முதல் பக்கத்திலிருந்து தேடிக் கண்டுபிடிக்கலாம். இப்போது திரையில் ஒரு தொகை மட்டும் தெரியும். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வழியில்லை.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி அப்படி ஒரு கவுண்டரை நடத்தினார். ஒருநாள் திரை 2,000 பவுண் குறைகிறது என்றது. உதவி எண்ணை அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள் என்று சொல்லச் சொல்ல, சொன்னபடியே செய்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்த 2,000 பவுண் 4,000 ஆகியது. போன காசைத் தேடித் தருவதற்குப் பதிலாக, ஒப்பந்தப்படி குறையை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றது, அவரோடு ஒப்பந்தம் செய்திருந்த தபால் நிறுவனம். நாளடைவில் தொகை 36,000 பவுணைத் தாண்டியது. களவுக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டுமென்றால் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்ள வேண்டும், பணத்தையும் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. சிறைக்குப் பயந்து ஒப்புக்கொண்டார். கட்ட வேண்டிய பணத்துக்கு அந்தக் கிராமத்து மக்கள் கை கொடுத்தார்கள். அவரைத் தெரிந்தவர்கள் ஒருவரும் அவர் களவெடுத்தார் என்று நம்பவில்லை. நீதிமன்றம் நம்பியது.

இப்படி 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அதில் ஏறக்குறைய 700 வழக்குகளைத் தொடுத்தது தபால் நிறுவனமே. இங்கிலாந்தில் தனியார் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பணம் போனது என்று முறையிட்டவர், விசாரித்தவர், வழக்குத் தொடுத்தவர், தீர்ப்புக்குப் பின் பணத்தை அறவிட்டவர் எல்லாம் ஒரே நிறுவனம். எதிரே நிற்பவர் பால் விற்று வாழும் ஒரு மனிதர். பலரிடமும் சொல்லப்பட்டது ஒன்றுதான்: வேறு எவருக்கும் இப்படி நடக்கவில்லை, உங்களுக்கு மட்டும்தான்.

இலங்கையிலிருந்து வந்த எனக்கு இதில் மிகவும் உறுத்தியது சான்றுச் சட்டம். அங்கே 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும். அது அடித்து வாங்கப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அடி வாங்கியவருடையது. எத்தனையோ பிள்ளைகளின் இளமை அந்த ஒரு பிரிவால் சிறைக்குள் கழிந்தது. இங்கே 1984ஆம் ஆண்டின் சட்டமொன்று, கணினியிலிருந்து எடுத்த சான்றைக் கொண்டு வருபவரே அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்றது. 1999இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன்பின் கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் அதற்கு ஆதாரம் தேட வேண்டும். ஹொரைசன் கடை கடையாகப் புகுந்த அதே காலம் அது. அங்கே சித்திரவதை, இங்கே ஒரு மென்பொருள். இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஆனால் நிரூபிக்கும் சுமையை வலியவரின் தோளிலிருந்து எளியவரின் தோளுக்கு மாற்றினால் என்ன நடக்கும் என்பதை இரண்டு நாடுகளிலும் பார்த்துவிட்டேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் சொன்னது, அம்பலத்தில் உட்கார்ந்திருப்பவர் கெட்டவர் என்பதற்காக மட்டும் அல்ல. ஏறும் படிகளே அப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன.

சீமா மிஸ்ரா சரே மாவட்டத்து வெஸ்ட் பைஃப்ளீட்டில் தபாற்கந்தோர் நடத்தியவர். 2010 நவம்பரில், மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, அவருக்குப் பதினைந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது எட்டு வாரக் கர்ப்பிணி. வெளியே வந்து பிள்ளை பெறும்போது காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டி கிடந்தது. கணவரை ஊரில் அடித்தார்கள். தபால் நிறுவனத்தின் விசாரணையாளர்கள் சந்தேகநபர்களை இனவாரியாகக் குறிப்பதற்கு, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பழைய காலனித்துவச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்திருந்ததும் 2023இல் வெளியே வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

லீ காசில்டன் வெள்ளையர்; அவரும் தப்பவில்லை. பிரிட்லிங்டனில் கவுண்டர் நடத்தினார். சுமார் 25,000 பவுண் குறைந்தது. உதவி எண்ணை 91 தடவை அழைத்தார். கட்ட மறுத்தார்; தபால் நிறுவனம் வழக்குப் போட்டது. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாமல் தானே வாதாடினார். தோற்றார். எதிர்த்தரப்பின் செலவு என்று 321,000 பவுண் அவர் தலையில் விழுந்தது. வங்குரோத்தானார். 25,000 பவுணுக்கு ஒரு நிறுவனம் அத்தனை பணத்தைக் கொட்டியது அந்த 25,000க்காக அல்ல. மற்றவர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காக. செல்வம் நீதிமன்றத்துக்குள் வேலை செய்யும் விதம் இதுதான். நீதிபதிக்குக் கையூட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. எதிராளியின் பணம் தீரும் வரை வழக்கை நடத்தினால் போதும்.

வேல்ஸில் லாண்டுட்னோவில் கவுண்டர் நடத்திய அலன் பேட்ஸ், குறையைக் கட்ட மறுத்ததால் 2003இல் ஒப்பந்தத்தை இழந்தவர். 2009இல் அவர் பாதிக்கப்பட்டவர்களை ஒன்று சேர்த்தார். ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்ற பொய் அன்றே உடைந்தது. பின்னர் 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019இல் நீதிபதி ஃபிரேசரின் தீர்ப்புகள் வந்தன. ஹொரைசனில் பிழைகள் இருந்தன, கடைக்காரருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடிந்தது என்பது உறுதியாயிற்று. உடன்பாடாகக் கிடைத்தது 57.75 மில்லியன் பவுண். அதில் ஏறக்குறைய 46 மில்லியன் வழக்குச் செலவுக்கும், வழக்குக்கு முதல் போட்டவர்களுக்கும் போயிற்று. மிஞ்சியதைப் பங்கிட்டால் சராசரியாக ஆளுக்குச் சுமார் 20,000 பவுண். அந்த 555 பேரில் வீட்டை இழந்தவரும் உண்டு, சிறை சென்றவரும் உண்டு. வென்றவர்களின் கதை இது. மறுபக்கம் வழக்காடிய தபால் நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. அதாவது, ஒரு வகையில் அந்த 555 பேரும் கட்டிய வரி அவர்களுக்கு எதிராகவே வாதாடியது.

எல்லோருக்கும் 554 துணைகள் கிடைப்பதில்லை. 2013இல் இங்கிலாந்தில் அரச சட்ட உதவி வெட்டப்பட்டது. குடிவரவு, குடும்பம், அரச கொடுப்பனவு தொடர்பான வழக்குகளில் பெரும்பகுதிக்கு உதவி நின்றுபோனது. அதே ஆண்டு, வேலைத்தல நியாயசபைக்குப் போகவும் 1,200 பவுண் வரை கட்டணம் வைத்தார்கள். சம்பளம் கிடைக்காதவர் சம்பளம் கேட்டுப் போகக் காசு கட்ட வேண்டும்! வழக்குகளின் எண்ணிக்கை சடசடவென விழுந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் ஒருவர் அப்படிக் காசு கட்டிப் போவாரா? 2017இல் அதி உயர் நீதிமன்றம் அந்தக் கட்டணம் சட்டவிரோதம் என்று தள்ளியது. வழக்கைக் கொண்டுபோனது ஒரு தொழிற்சங்கம். மறுபடியும் கூட்டம்தான் படியேறியது.

2024 சனவரியில் தபாலதிபர்களின் கதை நான்கு இரவுகள் தொலைக்காட்சி நாடகமாக ஓடியது. அதுவரை மந்தமாக இருந்த நாடாளுமன்றம் அசைந்தது. அந்த மே மாதமே சட்டம் போட்டு, தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்தார்கள். அந்த வாரங்களில் ஹரோவில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணையுடன் பேசிக்கொண்டிருந்தேன். சாமான் அடுக்கிக்கொண்டே சொன்னார்: “இஞ்ச அப்பிடியெல்லாம் நடவாது எண்டுதானே தம்பி நாங்கள் இருந்தனாங்கள்.” அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. ஊரில் நீதிமன்றத்தை நம்பாமல் வளர்ந்த நாம், இங்கே வந்து அதைக் கோயிலைப் போல நம்பினோம். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 2019இல் அந்தத் தீர்ப்பை எழுதியதும் இதே நாட்டின் நீதிமன்றம்தான். அந்தத் தீர்ப்பு வர எடுத்த காலத்தில் மனிதர்கள் செத்துப்போனார்கள் என்பதும் உண்மை. இந்த விவகாரத்தை ஆராயும், சேர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணை 2025 சூலையில் வெளியிட்ட முதல் அறிக்கை, குறைந்தது 13 தற்கொலைகள் இதனோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்கிறது.

நம்மவர்கள் அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்பவர்கள். கடையில் காசு குறைந்தால் தாலிக்கொடியை அடகு வைத்தாவது கட்டிவிட்டு, பிள்ளைகளுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். அலுவலகக் கடிதம் வந்தால் கை நடுங்கும். கையெழுத்துப் போடு என்றால் போட்டுவிடுவோம். வலியவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆகையால் கடை நடத்தும் உறவுகளிடம், பராமரிப்பு வேலைக்கு விசாவில் வந்திருக்கும் தங்கைகளிடம் கேட்கிறேன்: செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு அழைப்பையும் நாள், நேரம் போட்டு எழுதி வையுங்கள். பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். தொழிற்சங்கத்தில் சேருங்கள். உங்களுக்கு மட்டும்தான் என்று எவராவது சொன்னால், அன்றே இன்னொருவரிடம் போய்க் கேளுங்கள்.

கணினிச் சான்று பற்றிய அந்தச் சட்ட நிலைப்பாட்டை மாற்றுவது குறித்து அரசு 2025இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அந்த மாற்றம் சட்டமாகும் வரை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிக்கொண்டே இருங்கள். இழப்பீடாக 100 கோடி பவுணுக்கு மேல் மக்களின் வரிப்பணத்திலிருந்து போய்விட்டது. அப்பாவிகளைச் சிறைக்கு அனுப்பியதற்காக, அந்த நிறுவனங்களின் மேலிடத்திலிருந்து ஒருவர்கூட இதை எழுதும் வரை சிறைக்குப் போகவில்லை.