பம்பலப்பிட்டியில் ஓர் இரவு

இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டபோது அவள் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "எழுதுங்க. என்ட பேரப் போடாதீங்க."

கட்டுரையின் மேல் என் பெயர் இருந்தால் அவள் யாரென்று ஊருக்குத் தெரியத்தான் போகிறது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாள், அதனால் அவள் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் கிராமம் ஒன்றில் 20 வருடங்களுக்கு மேலாகப் படிப்பித்துவரும் ஓர் ஆசிரியனின் வீட்டில் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் சண்டை வந்தது மின்விசிறியால். 2022ஆம் ஆண்டு மாரி காலம். வாடைக்காற்றில் ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்க, இவள் நடு இரவில் எழும்பி மின்விசிறியைப் போடுவாள். நான் எழும்பி நிறுத்துவேன். சிறிது நேரத்தில் அது மறுபடியும் சுற்றும். "என்ன பிடிவாதம் இது?" என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். பிறகு ஆணத்தில் உப்பு இரண்டு தடவை விழத் தொடங்கியது. அலுமாரித் திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடித் தேடிக் கண் கலங்கினாள். மகன் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் எரிந்து விழுந்தாள், பின்னர் குசினிக்குள் போய் அழுதாள். முட்டுக்கால் நோகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றாள். உம்மா தண்ணீர் ஓதி வாங்கித் தந்தா. நான் ஒன்றும் செய்யவில்லை. வயது போகப் போக இவளுக்கு வாய் கூடிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அப்போது அவளுக்கு 46 வயது.

அடுத்த ஆண்டு நோன்பு மார்ச் கடைசியில் தொடங்கியது. எங்கள் பாடசாலைக்கு விடுமுறையாதலால் நான் முழு நாளும் வீட்டில் இருந்தேன். முதல் நான்கு நோன்பையும் அவள் பிடித்தாள். அதற்குப் பிறகு பிடிக்கவில்லை. ஒரு வாரம் என்றால் காரணம் எனக்கும் தெரியும், எந்தக் கணவனும் கேட்கமாட்டான். இரண்டு வாரம் கடந்தும் அவள் சஹருக்கு எழும்பி எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்தாள். ஒரு நாள் பிள்ளைகள் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்: "இந்த வருசம் ஒனக்கு நோன்பே இல்லயா? புள்ளையள் பாக்குதுகள், வெக்கமா இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் நோன்பு பிடித்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சிக்கு அரிசி களையப் போனவள் குசினியில் சுருண்டு விழுந்தாள்.

வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் ஆண். பக்கத்தில் நான் நின்றேன். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல டொக்டர், நோன்புதான்" என்றாள். இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். அந்த இரத்தம் எப்படிக் குறைந்தது என்று அவரும் தோண்டிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 17 நாட்களாக நிற்காமல் போய்க்கொண்டிருந்ததை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில்தான் பம்பலப்பிட்டிக்குப் போனோம். அங்கே அவளுடைய ராத்தா இருக்கிறார். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடி வீடு. பின்பக்க விறாந்தையில் நின்றால் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். இரவு பஸ்ஸில் வந்த களைப்பில் எல்லோரும் நேரத்தோடு படுத்துவிட்டோம்.

இரண்டு மணியிருக்கும், விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் அவள் இல்லை. விறாந்தைக் கதவு திறந்திருந்தது. வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தும் முதுகும் நனைந்திருந்தன. முந்தானையைத் தண்ணீரில் பிழிந்து நெற்றியில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு அவள் கேட்டாள்:

"எனக்குப் பைத்தியம் புடிக்குதா?"

25 வருட மணவாழ்க்கையில் என்னிடம் அவள் கேட்ட கேள்விகளில் இதைப்போல் என்னை உலுக்கியது வேறில்லை. அன்றுதான் தன் உம்மாவைப் பற்றிச் சொன்னாள். இந்த வயதில் மாமியும் இப்படித்தான் இரவில் எழும்பி முற்றத்தில் நடப்பாவாம். வேர்த்து ஊற்றுமாம். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, மூளை பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, தாயத்துக் கட்டினார்களாம். இரண்டு மூன்று வருடத்தில் அது தானாக நின்றுவிட்டது. ஆனால் 'பிசகினவ' என்ற பெயர் மௌத்தாகும் வரை நிற்கவில்லை. தனக்கும் அந்தப் பெயர் வந்துவிடும் என்ற பயத்தில்தான் இவள் ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

காலையில் ராத்தாவிடம் நான்தான் பேச்செடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். தங்கையின் தலையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க புள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள். இவக்கு மாதம் நிக்கிற காலம் வந்திருக்கு. இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்பதே உண்மை. ஆசிரியர் கலாசாலையில் கட்டிளமைப் பருவம் பற்றிக் குறிப்பெழுதிப் பரீட்சையும் எழுதியவன் நான். தொடக்கத்தைப் படித்தேன். முடிவைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. ஊரும் அப்படித்தான். ஒரு பெண் பிள்ளை பெரிய பிள்ளையானால் தெருவே அறிந்து பலகாரம் கொண்டு வருகிறது. அதே பெண்ணுக்கு அது நிற்கும்போது ஒரே பாயில் படுப்பவனுக்கும் தெரிவதில்லை.

ராத்தா எங்களைப் பக்கத்திலுள்ள ஒரு பெண் வைத்தியரிடம் அழைத்துப் போனார். இம்முறை நான் வெளியே இருந்தேன். அரை மணி நேரம் கழித்து வைத்தியர் என்னையும் கூப்பிட்டு, "நீங்களும் கேட்க வேணும்" என்றார். அவர் சொன்னதையும், பின்னர் நான் வாசித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் நின்றுவிட்டது என்று கொள்வார்கள். ஆனால் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் தடுமாறத் தொடங்குகிறது. மூளையில் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி அந்தத் தடுமாற்றத்தில் ஏமாந்துபோகிறது. கொஞ்சச் சூட்டையும் பெருஞ்சூடென்று எண்ணித் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வேர்க்க வைக்கிறது. அதுதான் நடுச்சாமத்து மின்விசிறியின் காரணம். நித்திரை குழம்பினால் மறதியும் எரிச்சலும் வரும். மாதவிடாய் நாள் தவறி வரும். சிலருக்கு அளவுக்கு மேல் போகும். அப்படிப் போனால் வேறு காரணம் உண்டா என்று கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். முற்றாக நின்ற பிறகு ஒரு துளி கண்டாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

ஹோமோன் மாத்திரை பற்றியும் கேட்டேன். 2002இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, ஈஸ்திரஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடுவதைக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு உலகமே அம்மருந்துக்குப் பயந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் குறைந்த, வேறு நோயில்லாத பெண்களுக்கு நன்மையே கூடுதலாக இருக்கலாம் என்று பின்னர் கண்டார்கள். மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டியோ வந்தவர்களுக்கு ஆகாது. வைத்தியர் ஆள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விடயம் அது. என் மனைவிக்கு அது தேவைப்படவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை. போக்கைக் கட்டுப்படுத்த மருந்து தந்தார்கள். எலும்பு தேயத் தொடங்கும் வயது என்பதால் நெத்தலியும் குரக்கனும் பாலும் சாப்பிடச் சொன்னார்கள், தினமும் நடக்கச் சொன்னார்கள்.

நோன்பு விடயத்தைத் தெளிவுபடுத்தியதும் ராத்தாதான். ஷாபிஈ மத்ஹபில் மாதவிடாயின் உச்ச வரம்பு 15 நாட்கள். அதைத் தாண்டினால் அது இஸ்திஹாளா. அந்நிலையில் சுத்தம் செய்து, ஒவ்வொரு வக்துக்கும் வுழூச் செய்து தொழ வேண்டும், நோன்பும் உண்டு. உடம்பு இயலாதவருக்குப் பிறகு களாச் செய்யும் சலுகை வேறாக இருக்கிறது. நுணுக்கங்களை ஆலிமிடம்தான் கேட்க வேண்டும். இப்படி நிற்காமல் போனதைப் பற்றி ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண் நபியவர்களிடமே நேரில் போய்க் கேட்டது ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் இத்தாவைக் குர்ஆனே 65ஆவது அத்தியாயத்தில் பேசுகிறது. அந்தப் பெண் நபியிடம் கேட்டதை என் மனைவியால் என்னிடம் கேட்க முடியவில்லை. அந்தக் குறை அவளுடையதல்ல.

ஊருக்குத் திரும்பிய பிறகு இன்னொன்று தெரிய வந்தது. 1996இலிருந்து இலங்கையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இலவசமாக நடப்பது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்துக் கஷ்டங்களையும் அங்கே சொல்லலாம். 35இலும் 45இலும் தவறாமல் வரச் சொல்கிறார்கள். எங்கள் பகுதி மிட்வைஃப் இவளுடைய 45ஆவது வயதில் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நோயில்லாம என்னத்துக்குக் கிளினிக்?" என்று நான் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு ஞாபகமிருந்தது.

2024 பெப்ரவரியில் போனாள். பக்கத்து வீட்டு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள். அதில் ஒருவர் வேர்வைக்குப் பயந்து கலியாண வீடுகளுக்கே போகாமல் இருந்தவராம். திரும்பி வரும்போது மூவரும் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எனக்கு இப்போது 49 வயது. அவளுக்கு இன்னும் பன்னிரண்டு மாதம் நிறையவில்லை. ஐந்து மாதம் வராமலிருந்து போன மாதம் வந்தது. கலண்டரில் ஒரு சிறிய புள்ளி வைக்கிறாள். முன்பு அதை ஒளித்து வைப்பாள், இப்போது அது குசினிச் சுவரில் தொங்குகிறது. மின்விசிறி இரவு முழுவதும் சுற்றுகிறது. நான் இரண்டு போர்வை போர்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரையை முதலில் எழுதியபோது அந்த நோன்பு நாளில் நான் சொன்ன வார்த்தைகளை எழுதாமல் விட்டிருந்தேன். "மனைவியைக் கடிந்துகொண்டேன்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அவள் வாசித்தாள். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது இல்லயே நீங்க சொன்ன. சொன்னதையே எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.