மணல்மேட்டில் ஒரு கொடி

பாலைவனம் என்றதும் நமக்கு ராஜஸ்தான்தான் ஞாபகம் வரும். கலிபோர்னியாவின் தென்கோடியிலும் 40 மைல் நீளத்துக்கு மணல்மேடுகள் இருக்கின்றன, கிளாமிஸ் என்பார்கள். குளிர்காலத்துச் சனி, ஞாயிறுகளில் சிநேகிதக் குடும்பங்களோடு அங்கே கூடாரம் அடிப்போம். பகலெல்லாம் மணலில் மோட்டார் சைக்கிள் சவாரிதான். பெண்கள் மட்டும் சளைத்தவர்களா என்ன? நானும் ஓட்டுவேன்!

ஒவ்வொரு வண்டியிலும், தரையிலிருந்து 8 அடி உயரத்துக்குக் கம்பு நட்டுக் கொடி கட்டியாக வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் எதிரே வருகிறவர் தெரியமாட்டார். கொடிதான் முதலில் தலைகாட்டும். என் பிள்ளை மேடேறி மறைந்தால், கொடி தெரிகிற வரை எனக்கு மூச்சே வராது. "ஏம்மா இப்படிப் பயப்படறே?" என்று சிரிப்பான்.

போகிறவர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிதண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் குளிர் நடுக்கும், கம்பளியும் அவசியம். அந்த நேரத்தில் சுடச்சுட மிளகு ரசம் குடித்தால், அடடா, தேவாமிர்தம்தான்!