பாதியில் அறுந்த பெயர்

கணிப்பொறி தவறே செய்யாது என்று நாங்கள் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு விழாவுக்கு முந்திய வாரத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆராய்ந்து பார்த்தபோது தவறு கணிப்பொறியினுடையது அன்று, எங்களுடையதே என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்ல விழைகிறோம்.

பரிசுச் சான்றிதழ்களில் பெயர் அச்சிடும் பொறுப்பைச் சிஸ்டர் எங்கள் கணிப்பொறி மன்றத்திடம் ஒப்படைத்தார்கள். பெயர்ப்பட்டியலை எழுத்தெழுத்தாக வாசிக்கும் நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதினோம். ஒரு பெயருக்கு 20 இடம் தாராளம் என்று நாங்களே முடிவு கட்டினோம். ஆங்கிலத்தில் சில பெயர்களை இட்டுச் சோதித்தோம், அழகாக வந்தன. எங்கள் உள்ளம் பூரித்தது!

பின்னர் தமிழ்ப் பட்டியலைக் கொடுத்தோம். கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்ற எங்கள் வகுப்புத் தோழியின் பெயர் பாதியில் அறுந்து, அதன் பின்னால் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நின்றது. அது அவளுடைய மறைந்த பாட்டியின் பெயர். அவள் அழவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இங்கிலீஷ்லயே போட்ருங்கட்டி, அதுதான் வெட்டுப்படாது" என்றாள். அந்தச் சொல் எங்களைச் சுட்டது.

ஏன் இப்படி நேர்ந்தது? 1972ஆம் ஆண்டளவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் சி மொழியை உருவாக்கினார். அதில் 'எஃப்கெட்சி' என்னும் கட்டளை, உள்ளீட்டு ஓடையிலிருந்து ஒரு முறைக்கு ஒரு பைட் மட்டுமே எடுக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஆனால் இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'த' என்பது 224, 174, 164 என்ற மூன்று எண்களாகவே கோப்பில் கிடக்கிறது.

நம் கடற்கரைக் கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டினால்தான் அது மிதக்கும். நாங்களோ கட்டை அவிழ்த்து மரம் மரமாக எண்ணி, இருபதாவது மரத்தோடு நிறுத்திவிட்டோம். ஆறு கட்டுமரங்கள் தேறின; மிஞ்சிய இரண்டு மரங்கள்தாம் அந்தக் கேள்விக்குறி!

எங்கள் கணினி ஆசிரியை வழி காட்டினார்கள். சி மொழியில் 'அகல எழுத்து' என்று ஒரு வகை உண்டு. அதை வாசிக்கும் 'எஃப்கெட்டபிள்யூசி' முதலிய கட்டளைகள் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தரத்தில் சேர்ந்தன. இக்கட்டளை மூன்று பைட்டையும் ஒன்றாகக் கூட்டி, 'த' என்பதற்குரிய 2980 என்ற யூனிகோடு எண்ணை ஒரே முறையில் தந்துவிடும்.

ஆவலோடு மாற்றினோம். முதல் தமிழ் எழுத்திலேயே நிரல் நின்றுவிட்டது! எந்த மொழிச் சூழலில் வாசிக்க வேண்டும் என்பதை 'செட்லோகேல்' என்ற கட்டளையால் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டுமாம். அதைச் சேர்த்தோம், அப்போதும் ஓடவில்லை. பட்டியலின் முதல் வரியில் இருந்த எண்ணிக்கையைப் பழைய எஃப்கெட்சி கொண்டே வாசித்திருந்தோம். ஓர் ஓடையை முதலில் பைட்டாக வாசித்துவிட்டால், அதைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு அகல எழுத்தாக வாசிக்க இயலாது. அந்த வரியையும் திருத்தினோம்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. 'தூத்துக்குடி' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து. எஃப்கெட்டபிள்யூசிக்கு அது 12, எஃப்கெட்சிக்கோ 36! 'தூ' என்பது 'த' ஒன்றும் ஊகாரக் குறி ஒன்றுமாக இரண்டாகவே வருகிறது. 'த்' என்பதிலும் புள்ளி தனியே வருகிறது. ஆகவே அகல எழுத்தை எண்ணி வெட்டினாலும் 'த்' என்பது 'த' ஆகிவிடக்கூடும். புள்ளி போனால் பெயரே மாறிவிடும் அல்லவா? ஆதலால், வந்தது புள்ளியோ உயிர்க்குறியோ ஆனால் புதிய இடம் தராமல் முந்திய எழுத்தோடு சேர்க்குமாறு எழுதினோம். நாங்கள் கொடுத்த 20 இடம் அப்போதுதான் உண்மையிலேயே 20 எழுத்துக்கு இடமாயிற்று.

மூன்று நாள் மாலைகள் இதிலேயே கழிந்தன. "ஆங்கிலத்திலேயே அச்சிட்டால் என்ன?" என்று எங்களில் ஒருத்தியே சலித்துக்கொண்டாள். அப்போது தமிழாசிரியை ஒரு செய்தி சொன்னார்கள். 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் நூல் ரோமன் எழுத்துகளில்தான் இருந்தது. நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் அதோடு நிற்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. அன்று எழுத்து ஒவ்வொன்றையும் உலோகத்தில் வார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்கள் பாடு எம்மாத்திரம்?

ஆண்டு விழா நாளும் வந்தது. எங்கள் தோழி மேடையேறிச் சான்றிதழ் பெற்றாள். உப்பளத்து வேலை முடித்து நேரே வந்திருந்த அவள் அம்மா அதைக் கையில் வாங்கினார்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தம் தாயின் பெயரை வாய்விட்டு வாசித்தார்கள். ஓர் எழுத்தும் குறையவில்லை. எங்கள் தோழி எங்களைத் திரும்பிப் பார்த்து, "தமிழ்லயே இருக்கட்டும்ட்டி" என்றாள்.

தோழியரே, பிறர் பெயரை வாசிக்கும் பொறுப்பு உங்களுக்கும் ஒரு நாள் வரும். உங்கள் நிரலை ஆங்கிலப் பெயரோடு மட்டும் சோதித்து நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவளின் பெயரைத் தமிழில் எழுதி, அதையும் வாசிக்கச் செய்யுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு