றேடியோவுக்கு எங்களைத் தெரியாது

எங்கட வீட்டு ஷோகேஸில ரெண்டு பழைய சாமான்கள் பக்கத்துப் பக்கத்தில இருக்கு. ஒன்று அப்பப்பாவின் றேடியோ. மற்றது, சண்டை முடிஞ்ச கையோட அம்மா வாங்கின சி.டி.எம்.ஏ போன். மேசையில வைக்கிற, குட்டி அன்ரனா நீட்டிக்கொண்டு நிக்கிற அந்த வகை. ரெண்டிலும் ஒரு பழுதும் இல்லை. ஆனால் றேடியோவுக்குப் பற்றரி போட்டால் இண்டைக்கும் திருச்சி வானொலி கேக்கும். போனைச் செருகினால் திரை மட்டும் வெளிக்கும். அதுக்கு மறுமொழி சொல்ல ஒரு கோபுரமும் இப்ப இல்லை.

வயதில மூத்தது கதைக்குது, இளையது ஊமை. ஏன் இப்படி என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல பள்ளிக்கூடத்தில படிச்சதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துவோம். வானொலி அலை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஒரு விநாடியில எத்தனை தடவை அதிருது என்பது மீடிறன். 300ஐ மெகாஹேட்ஸ் எண்ணால பிரித்தால் அலைநீளம் மீற்றரில வரும். எஃப்.எம் 100 என்றால் 3 மீற்றர். கைத்தொலைபேசியின் 900 மெகாஹேட்ஸ் என்றால் 33 சென்ரிமீற்றர். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹேட்ஸ், அதாவது கிட்டத்தட்ட 320 மீற்றர்.

இந்த நீளத்தில்தான் விசயம் இருக்கு. நீண்ட அலை தரையையும் கடலையும் ஒட்டி வளைஞ்சு போகும். இரவில வானத்தின் மேலே இருக்கிற அயன் மண்டலத்தில பட்டுத் திரும்பி இன்னும் தூரம் போகும். அதனால்தான் பாக்குநீரிணைக்கு அங்கால பேசுறது யாழ்ப்பாணத்துத் திண்ணையில கேக்குது. சிற்றலை, அதாவது 3 முதல் 30 மெகாஹேட்ஸ், இப்படித் துள்ளித் துள்ளி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும்.

அப்ப எல்லாத்தையும் நீண்ட அலையிலயே அனுப்பலாமே? முடியாது, இடம் காணாது. ஒரு மத்திய அலை நிலையத்துக்கு 9 கிலோஹேட்ஸ் அகலம் காணும், குரல் மட்டும்தானே. ஒரு 4ஜி அலைவரிசை 20 மெகாஹேட்ஸ் வரை எடுக்கும். முழு மத்திய அலைப் பட்டையையும் அதுக்குள்ள கிட்டத்தட்ட 18 தடவை அடுக்கலாம். வீடியோ பார்க்க வேணும் என்றால் அகலம் வேணும். அகலம் வேணும் என்றால் மேல மீடிறனுக்குப் போகவேணும். அங்க போனால் தூரம் குறையும், கோபுரங்கள் கூடும்.

இவ்வளவும் இயற்கை. மிச்சமெல்லாம் மனுசர் செய்த ஒப்பந்தம். அதைத்தான் நியமம், ஸ்ராண்டர்ட் என்று சொல்லுறம்.

அப்பப்பாவின் றேடியோ செய்துகொண்ட ஒப்பந்தம் மிகச் சின்னது. 'குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ற மாதிரி நான் அலையின் வலுவைக் கூட்டிக் குறைப்பன், நீ அதைப் பிரிச்செடு' என்பதுதான் ஏ.எம். ஒரு சுருள், ஒரு கொள்ளளவி, ஒரு டயோட், ஒரு காதொலிப்பான், கொஞ்சம் வயர் இருந்தால் பற்றரியே இல்லாமல் பக்கத்து நிலையத்தைக் கேக்கலாம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. அப்ப சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட கதையை அம்மா சொல்லுவா. ஒராள் சுத்த, பத்துப் பேர் சுத்தி நிண்டு பிபிசி தமிழோசை கேப்பினமாம். சுத்துற ஆள் களைச்சால் செய்தியும் களைச்சுப்போகும்.

அந்தக் கதையில நான் நெடுநாள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கு. ஆர் கேக்கினம் என்று ஒலிபரப்பினவைக்குத் தெரியாது. வேற ஆருக்கும் அலையைப் பாத்துத் தெரியவராது. றேடியோ வாங்க மட்டும்தான் செய்யுது, திருப்பி ஒன்றும் அனுப்பிறதில்லை. அந்தக் காலத்தில அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசிச்சுப் பாருங்கோ.

போன் அப்படி இல்லை. சும்மா சட்டைப்பைக்குள்ள கிடந்தாலும், தான் எந்தப் பகுதியில நிக்கிறன் என்று இடைக்கிடை வலையமைப்புக்குச் சொல்லவேணும். இல்லாட்டி அழைப்பு வரேக்க எங்க தேடிறது? சிம்முக்குள்ள இருக்கிற இரகசியச் சாவியால 'நான்தான்' என்று நிரூபிக்கவும் வேணும். நியமத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கு. எங்களோட கதைக்கிறதெண்டால் அதுக்கு எங்களைத் தெரிஞ்சிருக்கவேணும்.

அந்த ஒப்பந்தம் எவ்வளவு நுணுக்கமானது என்பது எனக்குத் தலைமன்னாரில விளங்கிச்சு. பழைய இறங்குதுறையடியில நிக்கேக்க போனுக்கு 'இந்தியாவுக்கு நல்வரவு' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. கூட வந்த மச்சான், "பாஸ்போட் இல்லாமல் வந்திட்டம், திரும்பிப் போவம் வா" என்றான். தனுஷ்கோடி அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர், நடுவில மறைக்க ஒன்றுமில்லை. அலைக்குக் கடல் எல்லை தெரியாது.

ஆனால் நியமத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஜி.எஸ்.எம்மில ஒரு அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பாவிப்பினம். ஒராளின் முறை ஒரு விநாடியில 200 தடவைக்கு மேல வரும். தூர நிக்கிற போனின் பேச்சு பிந்தி வந்து அடுத்த ஆளின் முறைக்குள்ள விழக்கூடாது என்பதால், அது கொஞ்சம் முந்தியே அனுப்பவேணும். எவ்வளவு முந்தலாம் என்பதுக்கு ஒரு உச்ச அளவு வைத்திருக்கினம். அதைத் தூரமாக்கினால், சாதாரண அமைப்பில், 35 கிலோமீற்றர். அதுக்கு அங்கால சிக்னல் பலமாக இருந்தாலும் அழைப்பு எடுபடாது.

சி.டி.எம்.ஏயில முறை இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில, ஆளுக்கொரு குறியீட்டில கதைப்பினம். கலியாண வீட்டுச் சத்தத்துக்குள்ள அம்மா கூப்பிட்டால் எங்கட காதுக்கு மட்டும் பிடிபடும் இல்லையா, அது மாதிரி. நல்ல நுட்பம்தான். ஆனால் அதைக் கதைக்கிற கோபுரத்தைக் கழற்றினால் போனும் முடிஞ்சுது. ஜி.எஸ்.எம் கோபுரம் பக்கத்து வளவிலயே நிண்டாலும் ரெண்டுக்கும் பாசை வேற.

நியமங்களைத் திட்டுறதுக்காக இதை எழுதேல்லை. 1991இல் பின்லாந்தில தொடங்கின ஜி.எஸ்.எம் 1995இல் இலங்கைக்கு வந்தது. கட்டாரில வாங்கின போன் கிளிநொச்சியில வேலை செய்யுதெண்டால் அதுக்குக் காரணம் அந்தப் பொது ஒப்பந்தம்தான். பழைய நியமத்தை மூடுறதுக்கும் நியாயம் இருக்கு. மீடிறன் புதுசா விளையிறதில்லை. 3ஜி பிடிச்சு வைத்திருக்கிற இடத்தை 4ஜிக்குக் கொடுத்தால் அதே அகலத்தில கூடத் தரவு போகும்.

கேள்வி, மூடேக்க ஆர் வெளியில நிக்கினம் என்பதுதான். 2024 ஒக்ரோபரில் ஒஸ்ரேலியாவில 3ஜியை மூடிச்சினம். சில போன்கள் 4ஜியில இணையம் மட்டும் பாவிக்கும், அழைப்புக்கு 3ஜிக்கு இறங்கும். சிலது சாதாரண அழைப்பை 4ஜியில எடுத்தாலும், அவசர எண் 000க்கு மட்டும் 3ஜியைத் தேடும். அவசரத்துக்கு உதவாத போன் பாவனையிலேயே இருக்கக்கூடாது என்று அப்படியானவற்றை வலையமைப்புகள் தடுக்கவேணும் என்றாச்சு. மெல்பேர்னில இருக்கிற பெரியம்மாவின் போனும் அதில போனது. "நேற்றுவரை நல்லாத்தானே கதைச்சது" என்றா. ஊருக்கு வரேக்க அதைக் கொண்டுவந்தா. இஞ்ச சிம்மைப் போட்டவுடன பழையபடி கதைக்குது, ஏனெண்டால் இஞ்ச 2ஜி இருக்கு. போனில ஒரு திருகாணிகூட மாறேல்லை, மறுபக்கம் மட்டும்தான் மாறினது.

இஞ்சயும் ஒருநாள் பழைய நியமங்கள் போகும். அப்ப முதல்ல ஊமையாகிறது எங்கட கையில இருக்கிற போன் இல்லை. வயலில, தோட்டத்தில, தனிய இருக்கிற வீடுகளில வயசானவை வைத்திருக்கிற பட்டன் போன்தான்.

ஆகவே அடுத்த முறை வீட்டில ஆருக்காவது போன் வாங்கேக்க, கமெரா எத்தனை மெகாபிக்சல் என்று கேக்க முதல் இதைக் கேளுங்கோ: 'எங்கட சிம்மில, 4ஜியிலேயே அழைப்புப் போகுமா?' அம்மம்மாவுக்குப் படம் எடுக்கிற தேவை பெரிசா இல்லை. விழுந்தால் கூப்பிடுற தேவை இருக்கு.